சபை தொடங்க அனுமதி வேண்டாம். வேலையை உதற அவசரமும் வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து வந்த கடிதம் இது. நான்கு பக்கம். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். சிறு வயதில் மாலைநேரப் பள்ளியில் கற்ற தமிழ் போலும். ரகரமும் றகரமும் அங்கங்கே இடம் மாறியிருந்தாலும் சொல்ல வந்தது தெளிவாகவே இருக்கிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வாசகருக்கு வயது 48. ஒரே தொழிற்சாலையில் 22 ஆண்டு வேலை. அங்கே இப்போது ஆட்குறைப்புப் பேச்சு தொடங்கியிருக்கிறது. ஒரு பெந்தெகொஸ்தே சபையில் மூப்பராக இருக்கிறார். 2024 ஜூன் 3 அன்று டோங்காட்டைப் புரட்டிப்போட்ட சூறாவளியில் அந்தச் சபையின் கூரை பறந்தது. கூரைக்கென்று வசூலித்த பணத்துக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை. கேட்டவர்களுக்கு, அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே என்ற வசனம்தான் வந்தது. மனம் கசந்த பதினொரு குடும்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் இவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஜெபத்துக்குக் கூடுகின்றன. அதில் நான்கு வீடுகளில் வேலை போய்விட்டது. வயதான பெண்கள், ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த பழைய தமிழ்ப் பாட்டு நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பாடுகிறார்களாம். பழைய சபையில் தமிழ்ப் பாட்டு நின்று ஆறு வருடம் ஆகிறது.

இனி அவருடைய திட்டம். வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சேமநிதியில் இருக்கும் ஏறக்குறைய 4,00,000 ராண்டை எடுப்பது. ஒரு பழைய கிடங்கை மூன்று ஆண்டுக் குத்தகைக்குத் தம் பெயரில் பிடிப்பது. காணிக்கைக்குத் தம் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. தாம், மனைவி, தம்பி என மூவர் கமிட்டி. பழைய சபைக்குத் தாம் வாங்கிக் கொடுத்த கீபோர்டைத் திரும்பப் பெறுவது. அங்கிருக்கும் உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து எல்லோருக்கும் செய்தி அனுப்புவது. வரும் காணிக்கையில் பத்தில் ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஊழியத்துக்கு அனுப்புவது. டிசம்பரில் அக்காள் மகள் கல்யாணத்தைத் தாமே நடத்திவைப்பது.

அரசு அனுமதி எங்கே வாங்குவது, தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுப்பவர்களுக்கு வரிச்சலுகை எப்படிக் கிடைக்கும், இந்தக் கஷ்ட காலத்தில் இதைத் தொடங்கலாமா என்று மூன்று கேள்விகள். கடைசி வரி மட்டும் வேறு மையில் இருக்கிறது: “மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.”

ஐயா, முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சபைக்குப் போகிறவள் அல்ல. வருடா வருடம் தீமிதிக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். ஆனால் டர்பனில் வக்கீலாக இருந்த இத்தனை வருடத்தில் கோயில் கமிட்டி வழக்கும் பார்த்திருக்கிறேன், சபை வழக்கும் பார்த்திருக்கிறேன். சாமி வேறு, சண்டை ஒன்று. பணம் யார் பெயரில் இருந்தது, சாவி யார் கையில் இருந்தது, எழுத்தில் என்ன இருந்தது: நீதிமன்றத்தில் இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். உங்கள் திட்டத்தில் மூன்றுக்குமே பதில் ‘நான்’ என்று இருக்கிறது. எனக்குக் கவலை தருவது அதுதான்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. சபை தொடங்க தென்னாப்பிரிக்காவில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அரசியல் சாசனத்தின் 15ஆம் பிரிவு சமயச் சுதந்திரம் தருகிறது. 31ஆம் பிரிவு, ஒரு சமயத்தார் கூடி அதைக் கடைப்பிடிக்கவும் சங்கம் அமைக்கவும் உரிமை தருகிறது. கலாசார, சமய, மொழிச் சமூகங்களுக்கான ஆணையம் 2017ஆம் ஆண்டு அறிக்கையில் போதகர்களுக்கு உரிமம் வேண்டும் என்று யோசனை சொன்னது உண்மை. நாடாளுமன்றக் குழு அதை ஏற்கவில்லை. ‘லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்’ என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்

இதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

ஆட்குறைப்புப் பேச்சு நடக்கும்போது தாமாக விலகுகிறவர் கதவைத் திறந்துகொண்டு நஷ்டத்துக்குள் நடந்து போகிறவர். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, ஆட்குறைப்பில் போகிறவருக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். உங்களுக்கு 22 வாரம். ராஜினாமா செய்தால் அது இல்லை. வேலையின்மைக் காப்பீடான யூஐஎஃப் பணமும், தாமாக வேலையை விட்டவருக்குப் பொதுவாகக் கிடைக்காது.

சேமநிதிக் கணக்கையும் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பானை முறை நடப்பில் இருக்கிறது. அன்றுமுதல் நீங்கள் செலுத்துவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகிறது. அதிலிருந்து வரியாண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம், வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். மற்ற இரண்டு பங்கு ஓய்வுக்காலம் வரை பூட்டிய பானை. வேலையை விட்டாலும் திறக்காது. சேமிப்புப் பானையைத் தவிர, அந்தத் தேதிக்கு முன் சேர்ந்ததைத்தான் விலகும்போது ரொக்கமாக எடுக்க முடியும். ஆகவே நீங்கள் எழுதியிருக்கும் 4,00,000 முழுதும் கைக்கு வராது.

ஒரு பேச்சுக்கு முழுத் தொகையும் பழைய பணம் என்றே வைத்துக்கொள்வோம். ராஜினாமா செய்து எடுத்தால், இப்போதைய அட்டவணைப்படி முதல் 27,500 ராண்டுக்கு வரி இல்லை, மீதிக்கு 18 சதவீதம்: 67,050 ராண்ட் போய்விடும். ஆட்குறைப்பில் போய் எடுத்தால் வேறு அட்டவணை. அதில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரியே இல்லை. முன்பு இப்படி எந்தத் தொகையும் எடுக்காதவர் என்றால் உங்கள் வரி பூஜ்யம். ஒரே பணம், ஒரே ஆள். கையெழுத்துப் போடும் காகிதம் மட்டும் வேறு. 67,050 ராண்டில் எத்தனை நாற்காலி வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

‘விசுவாசத்தில் அடியெடுத்து வைக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் வேலையில் இருப்பது இதுவரை தடையாக இருந்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. உங்கள் வேலையை ஆலை முடிவுசெய்யட்டும். அதுவரை கொட்டகை போதும்.

மூவர் போதும், அந்த மூவர் போதாது

சபைக்குச் சட்டத்தில் எளிய உருவம் தன்னார்வச் சங்கம். நாலைந்து பக்கத்தில் ஒரு சாசனம் எழுதி, கூட்டத்தில் ஏற்று, கையெழுத்திட்டால் அது பிறந்துவிடும். அந்தச் சாசனத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: சபை என்பது அதன் உறுப்பினர்களிடமிருந்து தனியான சட்ட ஆள், சொத்து சபைக்கே, உறுப்பினர் எவருக்கும் அதில் பங்கில்லை, போதகரை நியமிப்பதும் நீக்குவதும் எப்படி, கணக்கு எப்போது, யாரிடம் காட்டப்படும், கலைந்தால் மீதிச் சொத்து எந்த அமைப்புக்குப் போகும். போதகரை நீக்கும் விதியை எல்லோரும் எழுத மறப்பார்கள். தொடங்குகிற நாளில் அது அபசகுனமாகத் தோன்றும். நீங்கள் விட்டு வருகிற சபையில் அந்த விதி ஒழுங்காக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

வருமான வரி விலக்கு வேண்டுமானால் வரித் துறையான சார்ஸிடம் பொதுநல அமைப்பாக அங்கீகாரம் பெற வேண்டும். வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு ஒருவருக்கொருவர் உறவில்லாத மூன்று பேராவது பொறுப்பில் இருக்க வேண்டும், தனி ஒருவர் கையில் முடிவுகள் இருக்கக் கூடாது என்கிறது. நீங்கள், மனைவி, தம்பி என்ற மூவரை ஒருவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். தவிர, இன்னும் விஷயமே தெரியாத ஒருவரைக் கமிட்டியில் சேர்த்த முதல் ஆள் நீங்கள்தான். கூட்டத்துக்கு வரும் பதினொரு குடும்பத்தில் கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண்மணி நிச்சயம் இருப்பார். அவரைப் பொருளாளர் ஆக்குங்கள்.

தசமபாகத்துக்கு வரிச்சலுகை என்று யார் சொன்னார்களோ, தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் சபையின் வருமானத்துக்கு விலக்குத் தரும். கொடுப்பவருக்குக் கழிவு தருவது அதே சட்டத்தின் 18ஏ பிரிவு, அதன் பட்டியலில் சமயப் பணி இல்லை. ஏழைகளுக்கான உதவிப் பணி இருக்கிறது. வேலை இழந்த நான்கு வீடுகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நீங்கள் கொடுக்க நினைக்கும் மளிகைப் பொட்டலத் திட்டத்தைத் தனிக் கணக்கில் நடத்தினால், அதற்கு மட்டும் பின்னாளில் 18ஏ ரசீதுக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது வேண்டாம், ஒரு வருடக் கணக்கைச் சுத்தமாக எழுதிக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவது பெரும்பாலான சபைகளுக்குக் கட்டாயம் இல்லை; கட்டணமும் இல்லை. ஆனால் திருநெல்வேலிக்குப் பணம் அனுப்ப நினைக்கிறீர்களே, அங்கே விஷயம் மாறுகிறது. 2022ஆம் ஆண்டின் 22ஆம் எண் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, நாட்டுக்கு வெளியே நன்கொடை கொடுக்கும் அமைப்புகள் பதிந்தே ஆக வேண்டும். இந்தியாவிலும் ஒரு வாசல் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை பெறுகிறவர் அங்குள்ள ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின், பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். ‘என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள், பிரதர்’ என்று அங்கிருந்து செய்தி வந்தால் அனுப்பாதீர்கள். சிக்கல் அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

கிடங்கு

குத்தகைப் பத்திரத்தின் நகலை நீங்கள் இணைத்தது நல்லதாயிற்று. ஏழாவது பக்கத்தில், சின்ன எழுத்தில், நீங்கள் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நிற்பதாக ஒரு வாசகம் இருக்கிறது. சபை வாடகை கட்டாவிட்டால் உங்கள் வீட்டைத் தேடி வருவார்கள். நீங்கள் திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்கிறீர்கள். ஆகவே உங்கள் மணவாழ்வு கூட்டுச் சொத்து முறை. உங்களுடையது எல்லாவற்றிலும் மனைவிக்குப் பாதி, கடனிலும் பாதி. 1984ஆம் ஆண்டின் மணச் சொத்துச் சட்டம், இப்படி ஜாமீன் நிற்க மனைவியின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. வேறு மையில் நீங்கள் எழுதிய அந்த வரி குடும்ப விவகாரம் மட்டும் அல்ல ஐயா, சட்ட விவகாரமும்கூட. இந்தக் கடிதத்தைப் படித்த அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, அந்தக் கட்டடத்தில் வழிபாடு நடத்தலாமா என்பது. அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் மண்டலச் சான்றிதழை மாநகராட்சியிடம் கேளுங்கள், கையெழுத்துக்கு முன்பாக. கட்டட விதிகளில் சாமான் வைக்கும் கிடங்கு ஒரு வகுப்பு, வழிபாட்டிடம் வேறு வகுப்பு. ஐந்து பேர் மூட்டை தூக்கும் இடத்துக்கும் நூறு பேர் கண்மூடி நிற்கும் இடத்துக்கும் தீ விபத்தில் வெளியேறும் வழி ஒன்றாக இருக்க முடியாது. அனுமதி கிடைக்காமல் போனால் குத்தகை தானாக ரத்தாகும் என்று ஒரு நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். சொந்தக்காரர் மறுத்தால் அவருக்கு முன்பே ஏதோ தெரியும் என்று அர்த்தம்.

‘பின்னால் கட்டடத்தையே என் பெயரில் வாங்கிவிடலாம்’ என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். சமயச் சமூகத்தின் பெயரில் பதிவாகி, முதன்மையாகப் பொது வழிபாட்டுக்குப் பயன்படும் இடத்துக்கு 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி நகராட்சி வீட்டுவரி கிடையாது. உங்கள் பெயரில் இருந்தால் அந்தச் சலுகை போச்சு. வங்கிக் கணக்கும் அப்படித்தான்: உங்கள் பெயரில் விழும் காணிக்கை, சார்ஸ் கண்ணுக்கு உங்கள் வருமானம், கடன்காரர் கண்ணுக்கு உங்கள் சொத்து. நாளைக்கு உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக்குப் பிள்ளைகள் வாரிசாக நிற்பார்கள்.

கொட்டகையில் கூடுவதற்கு இப்போதைக்குத் தடை எதுவும் வராது, சத்தம் அளவாக இருக்கும்வரை. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ கடற்கரையில் மதரசாவின் பாங்கோசை (தொழுகைக்கான அழைப்பு) அண்டை வீட்டுக்குக் கேட்கிறது என்று ஒரு வழக்கு நடந்தது நினைவிருக்கும். 2020இல் டர்பன் உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. 2022இல் மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஆனால் அங்கே ஒலித்தது ஒலிபெருக்கி இல்லாத மனிதக் குரல். நீங்கள் எழுதியிருப்பது இரண்டு ஸ்பீக்கர், ஒரு டிரம் செட். எதிர் வீட்டுத் தாத்தாவுக்குப் பிரார்த்தனையில் பிரச்சினை இல்லை, இரவு பத்து மணி டிரம்மில்தான் பிரச்சினை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதுக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

விட்டு வரும் சபை

கீபோர்டு உங்களுடையது அல்ல. காசு உங்களுடையது, ரசீதும் உங்கள் பெயரில் இருக்கலாம். கொடுத்த அன்றே அது சபைச் சொத்து. பதிவேடும் அப்படியே. ஒருவருடைய சமய நம்பிக்கை, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் கூடுதல் காவல் பெற்ற தகவல். மூப்பர் என்ற முறையில் உங்கள் கைக்கு வந்த எண்களை உங்கள் புதிய சபைக்குப் பயன்படுத்த முடியாது. வருகிறவர்கள் தாங்களே வரட்டும், எண்ணைத் தாங்களே தரட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவசரப்பட்டுக் கையிலிருப்பதை விட்டுவிடப் பார்க்கிறீர்கள். கூரைப் பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. சங்கத்தின் சாசனம் உறுப்பினர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. விலகிய மறுநாள் நீங்கள் வெளி ஆள். கேட்பதாக இருந்தால் விலகுவதற்கு முன் கேளுங்கள்: சாசனத்தின் நகல், அந்த ஆண்டின் வரவு செலவு, பதிலுக்கு முப்பது நாள் கெடு. எழுத்தில், மரியாதையாக, வசனம் எதுவும் சேர்க்காமல்.

கடைசிக் கேள்வி, இந்தக் காலத்தில் தொடங்கலாமா என்பது. பெத்தேஸ்தா என்று உங்கள் பாட்டி சொல்லியிருப்பாரே, இந்திய வம்சாவளியினரிடையே வளர்ந்த அந்தப் பெந்தெகொஸ்தே இயக்கத்தை ஜே. எஃப். ரோலண்ட்ஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தொடங்கியது 1931இல். உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். பின்னால், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டம் நம் ஜனங்களைப் பெயர்த்து, இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய்க் கொட்டியபோதும் சபைகள் வீட்டு முன்னறைகளில் கூடின. கஷ்ட காலம் சபைக்குத் தடை என்று நான் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் அது வேறொன்றைச் செய்யும்: வேலை போனவன் கடைசி நூறு ராண்டையும் காணிக்கைத் தட்டில் போடுவான், பத்தாக வரும் என்று யாராவது சொன்னால். அப்படிச் சொல்லாத போதகராக இருங்கள். கட்டட நிதிக்கு உறுப்பினர்களிடம் ‘திருப்பித் தருகிறோம்’ என்று பணம் வாங்கும் யோசனை மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. பொதுமக்களிடம் அப்படிப் பணம் பெறுவது வங்கிகள் சட்டத்தில் டெபாசிட் வாங்குவதாகிவிடக்கூடும். அந்தப் பத்தியை அடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் ஒரு பெரிய சபை அமைப்போடு சேர்வதையும் யோசியுங்கள். சாசனம், வரி அங்கீகாரம், உங்களைத் தட்டிக்கேட்க மேலே ஒருவர், இவையெல்லாம் தயாராகக் கிடைக்கும். பதிலுக்கு, நீங்கள் நாளைக்குக் கட்டும் கட்டடம் அவர்கள் பெயரில் பதிவாகலாம். பிரிந்து வர நினைத்தால் நாற்காலிகூட வராது. தனியாக நின்றால் சுதந்திரம் முழுது, பொறுப்பும் முழுது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஒரு வருடம் கொட்டகையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பேன்.

கல்யாண விஷயம். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, உள்துறை நியமித்த திருமண அலுவலர் நடத்திவைத்தால்தான் அது சட்டப்படி கல்யாணம். போதகர் என்று அழைக்கப்படுவது போதாது. உங்கள் சபை அமைப்பின் பெயரில் விண்ணப்பித்து, சோதனையும் எழுதித் தேற வேண்டும். டிசம்பருக்குள் நடக்காது. அதிகாரம் இல்லாமல் நடத்தினால் குற்றம். அக்காள் மகள் நிலை அதைவிட மோசம், பிறகு பெயர் மாற்ற, வீட்டுக்கடன் வாங்கப் போகும்போதுதான் தெரியவரும். பிரசங்கம் நீங்கள் செய்யுங்கள், ஆசீர்வாதமும் நீங்கள் சொல்லுங்கள். பதிவேட்டில் கையெழுத்திட, நியமனம் பெற்ற ஒரு போதகரை இந்த வாரமே பேசி வையுங்கள். டிசம்பரில் டர்பன் முழுக்கக் கல்யாணம்தான். நல்லவர்கள் ஆகஸ்டிலேயே புக் ஆகிவிடுகிறார்கள்.